காற்றை வெட்டும் மைக்

ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டு பேசும் இன்டர்காம் வாங்கப் போன சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு நிற்கவே தெம்பில்லை. ஆபீஸ் முடிந்து வெளியே வந்தால் ஜோஸ் பைக்கோடு நிற்கிறார். "ஏறு ரெனிதா, பூந்தமல்லிலயே பார்த்து வாங்கிட்டுப் போயிரலாம்" என்றார். புருஷன் ஆசையாக வாங்கித் தருகிறேன் என்கிறபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? ஏறி உட்கார்ந்தேன்.

நாங்கள் பேசிக்கொள்வதே வண்டியில்தான். காலையில் கொரட்டூரில் கிளம்பி என்னைப் பூந்தமல்லியில் இறக்கிவிட்டு, அவர் நசரத்பேட்டையில் இருக்கும் கம்பெனி குடோனுக்குப் போவார். வீடு திரும்பினால் சமையல், துணி, பாத்திரம், தூக்கம். அதனால் கேஸ் புக் பண்ணுவது முதல் யார் கல்யாணத்துக்குப் போவது என்பது வரை எல்லாம் வண்டியில்தான் முடிவாகும். நான் பின்னாலிருந்து கத்துவேன். அவர் "ஆங்?" என்பார். மறுபடி கத்துவேன். மறுபடி "ஆங்?" கடைசியில் "ஒண்ணுமில்ல சாமி, ரோட்டப் பாருங்க" என்று விட்டுவிடுவேன்.

ஓசூர் விஷயமும் அப்படித்தான் நடந்தது. போன வாரம் வானகரம் தாண்டும்போது, கம்பெனியில் இரண்டு வருஷம் ஓசூருக்குப் போகச் சொல்கிறார்கள், இஷ்டமில்லையென்றால் மறுத்துவிடலாம் என்றார். "வேணுமா, வேணாமா? நீயே சொல்லு" என்று தலையைத் திருப்பிக் கேட்டார். "வேணாம்!" என்று கத்தினேன். பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. அவர் தலையை ஆட்டினார். அப்பாடா என்று அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன்.

அடுத்த நாளே தூத்துக்குடியிலிருந்து மாமியார் சகாயம்மாள் போன் பண்ணினார். "ஏம்மா ரெனிதா, நீயே அவன ஓசூருக்குப் போகச் சொன்னியாமே? தனியா இருந்துக்கிடுவியா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்தவரைப் பிடித்துக் கேட்டால், "நீ வேணும்னுதானே சொன்ன? எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு" என்கிறார். சம்மதம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். ணா, ணு. ஒரே ஒரு எழுத்தைக் காற்று மாற்றிப் போட்டதில் இரண்டு வருஷம் போயிற்று. யாரைத் திட்டுவது? இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இனிமே இப்படி ஆகக் கூடாது, இன்டர்காம் வாங்கிரலாம்" என்று சொன்னதும் அவர்தான். ஓசூரில் இருக்கப்போகிறவரும் கொரட்டூரில் கிடக்கப்போகிறவளும் ஹெல்மெட்டுக்குள் என்னத்தைப் பேசுவது என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதற்கொரு பதில் வரும், அதையும் கேட்க வேண்டும். அவர் பின்னாலேயே கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் வேம்புலி மூன்று பெட்டிகளைப் பிரித்துப் போட்டார். ஜோஸ் ஒவ்வொன்றையும் எடுத்து பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன்.

"இது சீப்பு அண்ணாத்தே, ஆனா ஸ்பீடுல போனா காத்துதான் கேக்கும்" என்று ஒன்றை ஒதுக்கினார் வேம்புலி. "இத்தப் பாரு. மைக்கு காத்த வெட்டிடும். பேச்சு மட்டும்தான் போவும். மேடம் இங்கியே போட்டுகினு ஒக்காரட்டும், நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வா."

இரண்டு ஹெல்மெட்டிலும் மாட்டிக் கொடுத்தார். ஜோஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"ரெனி, கேக்குதா?"

காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கல்யாணமாகி இவ்வளவு பக்கத்தில் அவர் குரலைக் கேட்டதில்லை என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில்தான் விளையாட்டாகக் கேட்டேன்.

"நல்லா கேக்குது. இப்ப சொல்லுங்க, அன்னைக்கு வானகரத்துல நான் என்ன சொன்னேன்?"

ஒரு பஸ் ஹாரன் தேய்ந்து போனது.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"வேணாம்னு சொன்ன."

"அதான் இப்பத் தெரியுதே. அன்னைக்கு..."

"அன்னைக்கே கேட்டுச்சு ரெனி."

அவரே பேசினார். "அந்த குடோன்ல மூச்சு முட்டுது எனக்கு. போகணும்போல இருந்துச்சு. நீ வேணாம்னுட்ட. அதுக்கப்புறம் எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

அடப்பாவி மனுஷா! போக வேண்டுமென்றால் போயேன். சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் நானேதானே பெட்டி அடுக்கிக் கொடுத்திருப்பேன்? என் வாயில் வராத வார்த்தையை என் பேரில் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அதற்குக் காற்றை வேறு சாட்சிக்கு இழுத்தாயே. நான் ஒரு வாரமாக என் தொண்டையையல்லவா நொந்துகொண்டிருந்தேன். இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். மறுபடி "ரெனி" என்றார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

கழற்றியதும் தெருச் சத்தம் முழுக்க வந்து மோதியது. வாசலில் குழாய் போட ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்தன. வேம்புலி கடைக்கோடியில் ஏணிமேல் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இத்தையே பில்லு போட்டுடட்டா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"வேணாம்" என்றேன். கத்தத் தெம்பில்லை. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வேணாவா? சரி உடுங்க மேடம்" என்று வேம்புலி ஏணியிலிருந்து இறங்கி வந்து, பெட்டியை மூடத் தொடங்கினார்.