அம்மா கேட்காத சொல்

"அப்பாகிட்ட போனைக் குடும்மா, ஒரு நிமிசம்..."

"தூங்குறாருன்னு சொல்றேன்ல? நீ மொதல்ல படிக்கிற வேலையப்..."

"இந்நேரத்துல தூங்குவாரா? வாயத் தொறந்தா பொய்யி!"

"யாரப் பாத்துடி பொய்யிங்கற?"

ஜெயராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறைக் கதவை முதுகால் சாத்தினாள். சிதம்பரத்து வீட்டுக் கூடத்தில் அவள் கணவர் தேவசகாயம் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்திலிருந்து தேறி எழுந்த மனிதருக்கு, போன வாரத்திலிருந்து எதைக் குடித்தாலும் புரையேறுகிறது. கடலூரில் தங்கி ஜப்பான் மொழி படிக்கிற மகளுக்கு அது தெரியாது. தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். மறுநாள் காலையில் அவளுக்கு ஆன்லைனில் இண்டர்வியூ. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.

"சரி, கேளு," என்று மகள் இசைவாணி பிடிவாதத்தை விட்டாள். தினமும் அம்மா தமிழில் கேட்பாள், மகள் ஜப்பான் மொழியில் சொல்வாள்.

"தொண்டை?"

"நோதோ."

"தாகம்?"

"நோதோ கா கவாகு. தொண்டை காயுதுன்னு அர்த்தம்."

"ரொம்ப ஆசப்பட்டா?"

"தொண்டைக்குள்ளேருந்து கை வருதும்பாங்க."

"ஏசப்பா! கையா?"

"எனக்கு வந்துருச்சும்மா, இந்த வேலை மேல."

ஜெயராணி அவசரமாக அடுத்த சொல்லுக்குத் தாவினாள். "அப்பறம்... குரல்வளை?"

"புரையேறுறத விட்டுட்ட. நேத்தும் விட்ட, முந்தாநேத்தும்."

"அது ஈஸிதானேன்னு..."

"வயசானவங்களுக்கு அதாம்மா முக்கியம். கேளு."

ஜெயராணி வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் கிண்ணம் விழுந்தது. இருமல். இருமலுக்கு நடுவே, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கரகரவென்று, "ஜெ... ஜெயா..."

"டிவி சத்தம்டி அது," என்றாள் ஜெயராணி.

"தண்ணி குடுக்காத!" மகள் கத்தினாள். "நிமித்தி உக்கார வை. முன்னால சாய்ச்சுப் புடி. நல்லா இருமட்டும், விடு!"

ஜெயராணி போனைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். நிமிர்த்தினாள், சாய்த்துப் பிடித்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய இருமி, கஞ்சியைக் கக்கியபின் அவருக்கு மூச்சு சீராக வந்தது. போதும் என்று கையை ஆட்டினார்.

ஜெயராணி போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். பிறகு தெருவின் இரைச்சல், ஏதோ ஒரு பஸ் ஹாரன்.

"இசை! அப்பாவுக்கு நல்லா மூச்சு வருதுடி. திரும்பி மேல போ. புரையேறுனா என்ன செய்வேன்னு காலையில அவுங்க கேட்டா, இப்ப எனக்குச் சொன்னதையே சொல்லு... இசை? கேக்குதா?"