ஓரகத்திக்காக ஒரு ஜெபம்

மகளுக்குச் சொல்ற சாக்குல மருமகளுக்குச் சொல்றதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க வீட்டுல ஆண்டவருக்குச் சொல்ற சாக்குல ஓரகத்திக்குச் சொல்வோம்.

கீழ்வீட்டுல என் வீட்டுக்காரரோட அண்ணன் குடும்பம், மாடியில நாங்க. சாயங்காலம் ஆனா எல்லாரும் கீழ கூடி குடும்ப ஜெபம். ஒவ்வொருத்தரா வாய்விட்டு ஜெபிக்கணும். அக்கா, அதாவது என் ஓரகத்தி, கண்ணை மூடினாங்கன்னா குரல் தேனா உருகும்.

"அன்பின் தகப்பனே, மாடியில இருக்கிறவங்க தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு மறந்து போறாங்க. அவங்களுக்கு நல்ல ஞாபகசக்தியைத் தாரும்."

நான் மட்டும் லேசுப்பட்டவளா? அடுத்த முறை என்னோடதுதானே.

"ஆண்டவரே, மாடியில ஒரு ஊசி விழுந்தாக்கூட கீழ இருக்கிறவங்களுக்குக் கேக்குது. அந்தக் காதுகளுக்குக் கொஞ்சம் இளைப்பாறுதல் தாரும்."

ஆம்பளைங்க ரெண்டு பேரும் ரெண்டுக்கும் ஆமென் சொல்வாங்க. நடுவுல மாட்டிக்கிட்டு வேற என்னதான் சொல்வாங்க, பாவம்.

வெளியாளுக்கு இதெல்லாம் தெரியாது. சபையில என்னைப் பார்த்தா, "உங்களை மாதிரி ஜெபிக்க வராது சிஸ்டர்"னு சொல்வாங்க. கேட்டுக் கேட்டு, விசுவாசத்துல ரொம்பத்தான் வளர்ந்துட்டோம்னு எனக்கே ஒரு நினைப்பு.

வேலையும் ஒரே இடம்தான். கல்யாணத் துணி தைக்கிற கடை. அக்கா வெட்டுற மேஜையில, நான் மெஷின்ல. அந்த மேஜையில அக்காதான் ராணி. அவங்க கத்தரியை வேற யாரும் தொடக்கூடாது.

அன்னைக்கு ஒரு வெள்ளைக் கவுன் தைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு கையை வச்சுத் தைச்சாச்சு. இன்னொண்ணை எடுத்தா, தோள் வளைவு பொருந்த மாட்டேங்குது. புரட்டிப் பார்த்தேன், ரெண்டுமே இடது கை. துணியை மடிச்சு வெட்டினா இடதும் வலதும் தானா வந்துடும். ஒத்தையா விரிச்சு வெட்டினா, ரெண்டாவது கைக்கு அச்சுக் காகிதத்தைத் திருப்பிப் போடணும். அக்கா திருப்ப மறந்திருக்காங்க.

"அக்கா, ரெண்டும் ஒரே பக்கக் கை மாதிரி இருக்கே."

"என் கத்தரி தப்பாது. தைக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

பல்லைக் கடிச்சுக்கிட்டு தைச்சேன். முதலாளியம்மா பொம்மைக்கு மாட்டிப் பார்த்தாங்க. ஒரு கை ஒழுங்கா தொங்குது, இன்னொண்ணு முறுக்கிக்கிட்டு நிக்குது. தைச்சவ நான்தானே, என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தத் துணியில மிச்சம்கூட இல்லையாம். அக்கா சொல்வாங்க, இப்ப சொல்வாங்கன்னு பார்த்தேன். துணியில கோடு போடுற சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு தரையைப் பார்த்தபடி நின்னாங்க.

"நாளைக்குக் காலையில வா. உன்னை வச்சுக்கிறதா வேண்டாமான்னு சொல்றேன்" அப்படின்னுட்டு முதலாளியம்மா போயிட்டாங்க.

என் வீட்டுக்காரர் முதுகு பிசகிப் படுத்த படுக்கையா இருந்து, இப்பதான் எழுந்து நடமாடுறார். என் மெஷின் ஓடினாத்தான் வீட்டுல அடுப்பு எரியும். இது அக்காவுக்குத் தெரியாதா?

மத்தியானம் முழுக்க வேற துணிக்கு ஓரம் மடிச்சுத் தைச்சுக்கிட்டே மனசுக்குள்ள ஜெபத்தைத் தயார் பண்ணினேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இருக்கணும். 'ஆண்டவரே, தன் தப்பை அடுத்தவ தலையில கட்டிட்டு நிம்மதியா சாப்பிடுறவங்களுக்கு மனசாட்சியைத் தாரும்.' பிரமாதமா வந்திருந்துச்சு.

சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்தோம். அக்கா ஜெபிச்சாங்க. மழைக்காக, நோயாளிகளுக்காக, தூரத்து நாடுகளுக்காக. மாடி வீட்டுப் பேச்சே இல்ல. அடுத்தது நான்.

"அன்பின் தகப்பனே, உமக்கு எல்லாம் தெரியும்..."

எப்பவும் ஆரம்பிக்கிற வார்த்தைதான். அன்னைக்கு அதுக்கு மேல வாய் வரல. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்ப இதை நான் யாருக்குச் சொல்லப்போறேன்? எதிர்ல உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு. இத்தனை நாளா நான் ஜெபமே பண்ணலையோ? சண்டைதான் போட்டிருக்கேன், கண்ணை மூடிக்கிட்டு. நினைச்சதும் உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

மெதுவா கண்ணைத் திறந்தேன். அக்கா கண்ணை இறுக்க மூடி, முந்தானையைக் கையில சுருட்டிப் பிடிச்சிருந்தாங்க. நான் என்ன சொல்லப்போறேன்னு அவங்களுக்குத் தெரியும்.

"ஆண்டவரே, எனக்குக் கோவமா இருக்கு. என்ன செய்றதுன்னு தெரியல. உதவி செய்யும். ஆமென்."

என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவ்வளவு சீக்கிரமா நான் முடிச்சு அவர் கேட்டதில்ல.

அக்கா விறுவிறுன்னு சமையலறைக்குப் போனாங்க. நான் பின்னாலயே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, அந்தக் கையை வெட்டினது நீங்க. நான் அப்பவே கேட்டேன். எனக்குத் திட்டு விழுந்தப்போ நீங்க வாயைத் திறக்கல. அது எனக்கு ரொம்ப வலிச்சுது."

அவங்க திரும்பல. குழாயைத் திறந்து கழுவின தட்டையே மறுபடி கழுவினாங்க.

"இதை ஜெபத்துலயே சொல்லியிருக்கலாமே."

"ஆண்டவருக்குத்தான் தெரியுமேக்கா. உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. "பயமா இருந்துச்சுடி"ன்னாங்க அக்கா. "அந்த மேஜையை விட்டு எடுத்துட்டா நான் யாரு?"

"நான் உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க"ன்னுட்டு மாடிக்கு வந்துட்டேன். என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுட்டு, "உனக்கென்ன பைத்தியமா? வேலை போயிட்டா?"ன்னார். எனக்கும் பயம்தான். ஆனா நான் சொன்ன சொல்லை மாத்த மனசு வரல.

காலையில கடைக்குப் போனப்போ அக்காவோட மேஜை காலி. முதலாளியம்மா அறைக்கும் எங்களுக்கும் நடுவுல வெறும் பலகைத் தடுப்புதான். நான் வந்தது உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாது.

"நான்தாம்மா தப்பா வெட்டினேன்" – அக்கா குரல். அந்தத் தேனெல்லாம் இல்ல, வறண்டு கிடந்துச்சு.

"சரி, வெட்டினது நீயாவே இருக்கட்டும். தைக்கிறவளுக்குக் கண்ணு இல்லையா? அவளும் பார்த்திருக்கணும்ல?"

"பார்த்தாம்மா. கேக்கவும் செஞ்சா. நான்தான் வாயை அடைச்சேன். அவளை மாதிரி தைக்க இங்க ஆள் கிடையாதும்மா. வேணும்னா என்னை அனுப்புங்க. அவளை அனுப்பிடாதீங்க."

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததுலருந்து, அந்த வாயிலருந்து எனக்குன்னு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. எனக்குக் கேக்கணும்னே ஆண்டவர்கிட்ட என்னைப் பத்தி எவ்வளவோ சொல்லியிருக்காங்க. இது எனக்குக் கேக்காதுன்னு நினைச்சு சொன்னது.

"அவ இருக்கட்டும். நீ இனிமே வெட்ட வேண்டாம், பட்டன் தை"ன்னாங்க முதலாளியம்மா. அக்கா வெளிய வந்தாங்க. கையில கத்தரி இல்ல, பட்டன் டப்பா இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்னாங்க.

"எப்ப வந்த?"

"இப்பதான்க்கா"ன்னேன். குரல் காட்டிக் கொடுத்துடுச்சு. என் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அக்கா உட்கார்ந்து ஊசியில நூல் கோக்கப் பார்த்தாங்க, கண்ணு கலங்கியிருந்ததால முடியல. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.