படகில் இரண்டாவது ஆள்

நாற்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து, அடையாற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது. ஊரே சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. வேடிக்கை என்று வந்துவிட்டால் நம் ஜனங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மெஹபூப் பாஷாவுக்கு மட்டும் வேடிக்கை போதவில்லை. ஜட்கா வண்டி செய்கிற மனிதர் அவர். பட்டாளத்தார் விட்டுப்போன கித்தானை மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தார் பூசி, இரண்டு பேர் உட்காரும்படி ஒரு படகு செய்து வைத்திருந்தார். அந்த வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் ஏறி அடையாறு பாலத்தில் இறங்க வேண்டும் என்பது அவர் திட்டம். அவருக்குத் தெரிந்து அதுவரை யாரும் செய்யாத காரியம்.

பாஷாவுக்கு மூங்கிலும் மரமும் தெரியும், ஆறு தெரியாது. ஆறு தெரிந்தவள் தேவானை. பத்து வயசிலிருந்து சைதாப்பேட்டைத் துறையில் துணி வெளுக்கிறவள். கைதப்பிப் போன ஒவ்வொரு வேட்டியையும் கரையோடு ஓடித் துரத்தியவள். எந்த இடத்தில் துணி சுழலும், எங்கே முள்ளில் மாட்டும், எங்கே ஒதுங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆகவே வழி கேட்க பாஷா அவளிடம் வந்தார். படகில் கூட வருவதற்கோ, கோதண்டபாணியைப் பேசி வைத்திருந்தார். கோதண்டபாணி கர்லாக்கட்டை சுற்றுகிற ஆள். புஜம் இருந்தது, ஆற்றைப் பற்றி அரிச்சுவடி தெரியாது.

தேவானைக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமும் அந்த ஆற்றின் ஓரத்திலேயே நின்று காலம் போய்விட்டது. ஒரே ஒரு தடவை அதன் நடுவில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை அவள் புருஷன் அம்மாசிக்குக்கூடத் தெரியாது. வெட்கத்தை விட்டு பாஷாவிடம் கேட்டும் பார்த்தாள். பொம்பளைக்கு எதற்கம்மா இந்த வம்பு என்று அவர் சிரித்து மழுப்பிவிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு அவரை அப்படியே ஆற்றில் தள்ளியிருக்கலாம்.

பெரிய கண்டம் சைதாப்பேட்டைப் பாலம்தான். நடு ஆற்றில் தூணுக்கும் தூணுக்கும் இடையில் இருந்த ஐந்து கண்களுக்குள் வெள்ளம் நெருக்கிக்கொண்டு பாய்ந்து, அடுத்த பக்கம் நுரை கக்கியது. எந்தக் கண்ணுக்குப் பின்னால் பாறை, எதற்குப் பின்னால் ஆழம் என்று மேலே நின்று பார்த்தால் தெரியவில்லை. தேவானை ஒரு உபாயம் செய்தாள். வெளுப்புக்கு வரும் துணியில் வீட்டுக்கு வீடு தனிக் குறி போடுவது அவர்கள் வழக்கம். சேங்கொட்டை மையில் போட்டால் துணி கிழியும்வரை போகாது. பழைய வேட்டியை இருபது துண்டாகக் கிழித்துக் குறி போட்டாள். முதல் கண்ணுக்கு மயிலாப்பூர் வக்கீல் வீட்டுக் குறி, இரண்டாவதற்கு தியாகராய நகர் டாக்டர் வீட்டுக் குறி, இப்படியே ஐந்துக்கும். கண்ணுக்கு நான்கு துண்டாக அவள் பாலத்திலிருந்து போடுவாள். தப்பிய துணியெல்லாம் போய்ச் சேருகிற கோட்டூர் வளைவில் அம்மாசி தொரட்டியோடு நின்று, வருகிற வரிசையில் எடுத்துக் கொடியில் போட வேண்டும். எந்தக் குறி முதலில் வருகிறதோ, அந்தக் கண்தான் வழி.

துண்டுகளைப் போட்டுவிட்டு தேவானையும் பாஷாவும் கோதண்டபாணியும் கோட்டூருக்கு ஓடினார்கள். அம்மாசி ஒரு துண்டைக்கூடத் தவறவிடவில்லை. இருபதையும் பிழிந்து, மடித்து, வக்கீல் வீடு தனி, டாக்டர் வீடு தனி என்று வீடுவாரியாக அடுக்கி வைத்துவிட்டு, நிம்மதியாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். எது முதலில் வந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழித்தான். முப்பது வருஷமாகத் துணியைக் கண்டால் வீடு பிரித்த கை. அது தன்பாட்டுக்குப் பிரித்துவிட்டது, பாவம்.

கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். மழை நின்றுவிட்டது, வெள்ளம் வடிய ஆரம்பித்திருந்தது. மறுபடி துணி கிழித்துக் குறி போட நேரமில்லை. இந்த வருஷம் அவ்வளவுதான் என்று பாஷா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தேவானை அந்த அடுக்குகளின் முன்னால் போய்க் குந்தினாள். பிழிந்தானே தவிர அலசவில்லை, புண்ணியவான். அழுக்கைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லிவிடுகிறவள் அவள். வக்கீல் வீட்டுத் துண்டுகள் நாலும் நார்நாராகக் கிழிந்திருந்தன. அங்கே பாறை. டாக்டர் வீட்டுத் துண்டுகளில் களிமண்ணும் முள்ளும். அது கரைக்கு இழுக்கிற தண்ணீர். மூன்றிலும் ஐந்திலும் பச்சைப் பாசி, மூழ்கிய கல்லில் உரசி வந்தவை. நாலாவது அடுக்கில் பொடிமணலைத் தவிர ஒன்றுமே இல்லை.

"நாலாங்கண்ணு, பாய்," என்றாள். "அதுதான் ஆழம். வழியில ஒரு கல்லு இல்ல."

பாஷா துள்ளி எழுந்து, கிளம்பலாம் என்று கோதண்டபாணியைக் கூப்பிட்டார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாலத்தத் தாண்டினா முடிஞ்சிதா? அப்பால மூணு வளைவு கீது. அங்கல்லாம் துணி போட்டுப் பாத்துகினு இருப்பியா? தண்ணியப் பாத்து சொல்றதுக்கு ஆள் வேணும். அது நான்தான்."

பாஷா கோதண்டபாணியின் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் கிழிந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தம்மாவே போகட்டும், எனக்கு இப்போதுதான் பயம் வருகிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அம்மாசி என்ன சொல்வானோ என்று தேவானை அவன் பக்கம் திரும்பினாள். செய்த தப்பில் அவனுக்கு நிமிரவே முடியவில்லை. பத்திரமாப் போய்ட்டு வாமே என்றான்.

சைதாப்பேட்டைக்குத் திரும்பி ஓடி, பொழுது சாய்வதற்குள் பாலத்துக்கு மேல்புறம் படகை இறக்கினார்கள். தேவானை புடவையை வரிந்து கட்டி, முன்னால் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தாள். நாலாவது கண் அவர்களை விழுங்கி அந்தப் பக்கம் துப்பியது. இரண்டு பக்கமும் பாறையில் வெள்ளம் இடித்தது, நடுவில் படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. கோட்டூர் வளைவில் பாஷா இடது பக்கம் திருப்பப் பார்த்தார். அங்கே தண்ணீர் கறுத்துச் சுருங்குவதைத் தேவானை கண்டுவிட்டாள், வலது பக்கம் என்று கத்தினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் துடுப்பை மாற்றிப் போட்டார். சாய்ந்து கிடந்த பனைமரம் ஒன்று ஒரு முழம் தள்ளிப் போனது. உடம்பெல்லாம் நனைந்து, தொண்டை கிழிய, தேவானை சிரித்துக்கொண்டே இருந்தாள். வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை.

அடையாறு பாலத்தடியில் கரை ஏறியபோது கூட்டம் கூடிவிட்டது. சைதாப்பேட்டையிலிருந்தா, இந்த வெள்ளத்திலா என்று ஒருவர் பாஷாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாஷா கையை விடுவித்துக்கொண்டார்.

"நான் இல்லீங்க. இவங்கதான் ஓட்டிகினு வந்தாங்க. இவங்க சொன்ன பக்கம் நான் துடுப்பு போட்டேன், அவ்ளோதான்."

கூட்டம் தேவானை பக்கம் திரும்பியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. வந்த வழியையே, மேற்கே, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வெள்ளத்துக்கு இன்னும் மேல, அனகாபுத்தூர்லேந்து எறங்கலாம், பாய்," என்றாள். "ரெண்டாவது ஆளா நீ வா."