தானிய அறை

மூன்றாவது நாளாகக் காசியம்மாள் அதே சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேலே பச்சை பெயின்ட், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே எத்தனையோ வருஷத்து வெள்ளை. மழுங்கிய கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஏடு ஏடாக எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் பழைய பூச்சில் கீறல் விழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தும் தும்மல் நிற்கவில்லை.

கல்வராயன் மலையில் நாவக்காட்டுக்கு மேலே இருந்த அந்தக் கட்டடத்துக்குப் பெரிய கச்சேரி என்று பெயர். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தை ஆண்ட பெரிய வீட்டுக்காரர்கள் வரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் கட்டியது. பூட்டிக் கிடந்ததைக் கள்ளக்குறிச்சியின் மரபுக் காப்புக் குழு ஒன்று சீர்படுத்த எடுத்திருந்தது. நாவக்காட்டிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகாமல் அந்த வருஷம் ஊரிலேயே இருக்க முடிந்தது.

முழங்கால் உயரத்தில் கத்தி எதிலோ தடுக்கியது. தூசியை ஊதினாள். ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஒன்பது. சற்றுத் தள்ளி, வேறு கை கிழித்த மாதிரி, ஆழமாகப் பதினாலு. காசியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னா பெரியம்மா, தல சுத்துதா?" என்றாள் பக்கத்தில் சுரண்டிக்கொண்டிருந்த ஜெயசுதா.

"சாரக் கூப்புடு."

குழுவின் செயலாளர் அன்புச்செல்வன் பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். வாரத்தில் நாலு நாள் தன் வண்டியில் மலையேறி வருவார். பெண்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தவர் அப்படியே குந்திவிட்டார்.

"இது யாரு கிழிச்சதும்மா?"

"உள்ள கெடந்தவங்க. எங்கப்பன் ஒம்போது நாள் கெடந்தாரு. பெரிய வூட்டு நெலத்துல வூட்டுக்கு ஒரு ஏரு ஓட்டணும், கூலி கெடையாது. எங்கம்மாவுக்குப் பிரசவ வலின்னு அன்னிக்கு இவரு போவல. எனக்கு அப்ப எட்டு வயசு. கூழு எடுத்துக்கினு வந்து கதவுக்குக் கீழ தட்டத் தள்ளுவேன். விடிஞ்சா ஒரு கோடு கிழிக்கிறேன்னு உள்ளருந்து சொல்லுவாரு. உக்காந்த வாக்குல கட்டிப்போட்டிருந்தாங்க. அதான் இவ்ளோ கீழ இருக்குது."

அவர் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதுக்குத்தாம்மா இவ்ளோ பாடு படறோம். இத அப்டியே கண்ணாடி போட்டு வெக்கலாம். கீழ உங்கப்பா பேர எழுதலாம். பேரு இன்னா?"

"முனியன்."

நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னொரு தரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி சின்னக்கண்ணு வந்தான். அந்தப் பிரசவத்தில் பிறந்தவன், தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு கோட்டிலும் விரலை வைத்து எடுத்தான். கடைசிக் கோட்டில் விரல் வெகுநேரம் இருந்தது.

பத்து நாள் கழித்துப் பெரிய வீட்டுப் பேரன் சேலத்திலிருந்து காரில் வந்தார். கோடுகள் இருந்த அறைக்குள் ஒரு நிமிஷம் நின்றார். வெளியே மரத்தடியில் அன்புச்செல்வனோடு ஒரு மணி நேரம் பேசினார்.

மறுநாள் காலையில் தியாகதுருகத்துக் கொத்தனார் தெய்வசிகாமணி, "காசியம்மா, கடுக்கா தண்ணி ஊத்திக் கலவய நல்லாக் கொழைங்க. இன்னிக்கு அந்த ரூமுல பூச்சு" என்றார்.

"எந்த செவுரு?"

"நாலு செவுரும்தான்."

அவள் நேரே அன்புச்செல்வனிடம் போனாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எடம் அவங்களுதும்மா. அவங்க கையெழுத்து போடலன்னா மொத்த வேலையும் நின்னுடும். அடுத்த மழைக்குக் கட்டடம் உழுந்துடும். கோடுங்களயெல்லாம் போட்டோ எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கேன்."

"அந்தப் போட்டோவ எங்க மாட்டுவீங்க சார்?"

"இப்ப வேணாம். கொஞ்ச நாள் போவட்டும்."

"எங்கப்பன் உள்ள கெடந்தது பொய்யின்றாங்களா?"

"ஆதாரம் இல்லன்றாங்க."

"ஆதாரத்ததான சார் பூசச் சொல்றீங்க."

காசியம்மாள் அறைக்குள் போய்க் கோடுகளை முதுகால் மறைத்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். தெய்வசிகாமணி கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார். மத்தியானம் வரை யாரும் அவளைத் தொடவில்லை. பிறகு அன்புச்செல்வன் மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, இந்த அறை முடியாவிட்டால் நாளையிலிருந்து யாருக்கும் வேலை இல்லை என்றார்.

பதினொரு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். எழுந்திரு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஜெயசுதா மட்டும் உள்ளே வந்து குந்தினாள்.

"இந்த வருசம் சூளைக்குப் போவ மாட்டேன்னு எம் பொண்ண இங்க ஸ்கூல்ல சேத்துட்டேன் பெரியம்மா."

காசியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள். வாசலில் இருந்த கலவைச் சட்டியைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். கரண்டி சுவரில் இழுபடும் சத்தம் சரிவு வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. அவளை யாரும் கூப்பிடவுமில்லை.

மாசியில் திறப்பு விழா. பந்தல் போட்டு, ஊரையே வரச் சொல்லியிருந்தார்கள். காசியம்மாளும் போனாள். அறை வாசலில் இருந்த பித்தளைப் பலகையை ஜெயசுதா படித்துக் காட்டினாள். "தானிய அறை. மலைவாழ் மக்கள் மனமுவந்து அளித்த விளைபொருள்கள் இங்கே சேமிக்கப்பட்டன." படித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே புதிதாக விளக்குகள். பட்டுப்புடவை கட்டிய ஒருவர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்குதுங்க."

"எல்லாம் பழைய முறைங்க. கடுக்கா, வெல்லம், முட்டை வெள்ளை" என்றார் அன்புச்செல்வன். காசியம்மாளைக் கண்டதும் கூரை உத்தரத்தைக் காட்டி வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார்.

காசியம்மாள் கோடுகளை மூடிய மேற்குச் சுவரோரம் குந்தினாள். முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினாள். எங்கேயும் தடுக்கவில்லை.

"செவுத்துல கை வெக்காதீங்கம்மா" என்றாள், 'மரபைக் காப்போம்' என்று எழுதிய பனியன் போட்ட குழுக்காரப் பெண். "கறை பட்டுடும்."

காசியம்மாள் கையை எடுத்தாள். அந்தப் பெண் ஒரு மெல்லிய துணியை எடுத்து, கை பட்டிருந்த இடத்தில் வாயால் ஊதி, ஈரம் தெரியாமல் போகும்வரை துடைத்தாள்.