வாந்தித் தீவு

என் மனைவி ஷீலாவின் நோட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. பத்து மாதமாகப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோ மேல் போட்டு வைத்திருந்தேன். பிரித்ததும் பசையும் பழைய காபியும் ஈரமும் கலந்து ஒரு நாற்றம். பதினோராம் பக்கத்தில் பசையில் ஒட்டிச் செத்த எறும்பு. அதைச் சுற்றிக் கோடு போட்டுப் படகாக்கியிருந்தாள். எறும்புதான் படகோட்டி. எனக்குக் குமட்டியது.

எனக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. தரப் பரிசோதனை. நகம் பட்ட அளவுக்குக் கீறல் இருந்தாலும் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவேன். "உங்க கைல கெடச்சா என்னையும் செவப்பு டப்பாதான்" என்பாள் ஷீலா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராஜகீழ்ப்பாக்கத்தில் சின்மயியின் வகுப்புக்குப் போவாள். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து நோட்டில் படம் வரைவார்கள், பஸ் டிக்கெட் ஒட்டுவார்கள், அன்று நடந்ததை எழுதுவார்கள். அங்கே ரப்பர் கிடையாது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. டீ கொட்டினால் அந்தக் கறைக்குக் கறுப்பு மையால் ஓரம் கட்ட வேண்டும். பிறகு அது என்னவாக விரும்புகிறதோ அதுவாக ஆக்க வேண்டும். கறைக்கு என்ன விருப்பம்? இதைச் சின்மயி கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைக் கேட்டால் எனக்கு எரியும்.

ஷீலாவுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

போன வாரம் சின்மயி போன் செய்தார். அவருடைய ஃப்ளாட்ஸின் கீழ்த்தள ஹாலில் கண்காட்சியாம். "ஷீலா நோட்டு இல்லாம எப்படி ஜெரோம்? பத்திரமா திருப்பித் தந்துடுவோம்." கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அது ஆஸ்பத்திரியில் வரைந்தது. மூன்றாம் நாள். பேனா இல்லை, நர்ஸிடம் பென்சில் வாங்கிக் கொடுத்தேன். டிரிப்ஸ் ஸ்டாண்டை வரைந்துகொண்டிருந்தவள் குடித்த கஞ்சியை அப்படியே நோட்டில் வாந்தி எடுத்தாள்.

"சீ" என்றேன். நோட்டைப் பிடுங்கித் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது.

நான் மாத்திரை வாங்கிவிட்டுத் திரும்பியபோது அந்தக் கறையைச் சுற்றிப் பென்சிலால் கரை வரைந்து ஒரு தீவாக்கியிருந்தாள். மலை, ஊர்கள், துறைமுகம். எல்லாவற்றுக்கும் பொடி எழுத்தில் பெயர் போட்டிருந்தாள். "படிங்களேன்" என்றாள். பக்கத்துப் படுக்கைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வாடை வேறு. "அப்புறம் பாக்கறேன், மூடு" என்றேன். மூடினாள்.

இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. கண்காட்சியிலாவது, பத்துப் பேருக்கு நடுவில் நின்று, படித்துவிடலாம் என்றுதான் போனேன்.

ஹாலில் ரூம் ஸ்பிரேயும் மசால் வடையும் சேர்ந்து மணத்தன. சுவரில் 'பிழையே அழகு' என்று வளைவு வளைவாக எழுதி ஒட்டியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் எண்ணெய்க் கையால் என் கையைப் பிடித்து, "ஷீலா இங்கதான் இருக்கா" என்றாள். பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

நடு மேசையில் நோட்டு. கடைசிப் பக்கம் திறந்திருந்தது. தீவு இல்லை. பக்கம் முழுக்கத் தங்கத் தாளில் வெட்டிய ஒரு சூரியகாந்திப் பூ.

"யார் ஒட்டினது?"

"நான்தான் அண்ணா" என்றாள் நஃபீசா. வகுப்பில் ஷீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். முகமெல்லாம் சிரிப்பு. "அந்த ஒரு கறைதான் சும்மா கெடந்துச்சு. மை ஓரம்கூட இல்ல. ஷீலா அக்காவுக்கு டைம் கெடைக்கல போலன்னு நான் முடிச்சு வெச்சேன். நல்லாருக்கா?"

"அது அவ வாந்தி. பென்சில்ல தீவு வரைஞ்சிருந்தா."

அவளுடைய சிரிப்பு போய்விட்டது. "பூஞ்சைல தெரியல அண்ணா... அல்லாவே. நான் பாக்கவே இல்ல."

திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. பார்க்காத இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்காவது பூஞ்சை மறைத்தது.

"எடுக்கலாம்" என்றேன்.

கர்ச்சீப்பைத் தண்ணீரில் நனைத்துத் தாளின் மேல் ஒற்றினேன். அவள் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். ஈரம் பட்டதும் நாற்றம் எழும்பியது. புளித்த, பழைய நாற்றம். வடைத் தட்டோடு நின்றவர்கள் விலகிப் போனார்கள். பூவின் பாதி சுலபமாக வந்தது. அதோடு பூஞ்சையும் வந்தது, அடியில் பென்சில் கோடுகள் தெரிந்தன. மீதி வரவில்லை. பொறுமையில்லாமல் இழுத்தேன். அடியிலிருந்த காகிதத்தையும் உரித்துக்கொண்டு வந்தது.

நஃபீசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல ஜெரோம்" என்று சின்மயி தோளைத் தொட்டார். "இப்ப இந்தக் கிழிசல் என்னவாக விரும்புதுன்னு..."

"சும்மா இருங்க."

கையை எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "எல்லாரும் சாப்பிடற எடம். மூடி வெச்சுடட்டுமா?" என்றார்.

"மூடாதீங்க."

மேசையைவிட்டு நகராமல் நின்றேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள், எறும்புப் படகு இருக்கிறதா என்று கேட்டார்கள். ஃப்ளாட்ஸ் வாட்ச்மேன் சவுரிமுத்து டீயோடு வந்தார்.

"இன்னா சார் இது, எவனா சாம்பார ஊத்திக்கினானா?"

"வாந்தி."

"அய்ய!" டீயைத் தூரத் தள்ளிப் பிடித்தார்.

"என் பொண்டாட்டியோடது. செத்துட்டா."

அவர் டீ கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்ப வந்தார். குனிந்தார். "இன்னாமோ எய்தி கீது. கண்ணாடி எட்தாரல. படி சார்."

நானும் குனிய வேண்டியிருந்தது. நாற்றம் மூக்கில் ஏறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு பொடி எழுத்துகளைச் சத்தமாகப் படித்தேன். ஊசிமலை. கஞ்சிப்பாளையம். தூங்காநல்லூர். பெட்பேன் அணைக்கட்டு.

சவுரிமுத்து பக்கென்று சிரித்தார். "நக்கல் புட்ச்ச பொண்ணு சார் உன் ஊட்டம்மா. அங்க கப்பல் நிக்குதே, அது இன்னா ஊரு?"

துறைமுகம் இருந்த இடத்தில் உரிந்த காகிதத்தின் வெள்ளை. கரையில் ஓர் எழுத்தின் கால் மட்டும் மிச்சம். எந்த எழுத்து என்று சொல்ல முடியவில்லை.

"பேரு போட்டிருந்தா" என்றேன். "நான் படிக்கல."