வட்டத்துக்குள் வட்டம்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. வெள்ளை நிறம், கிட்டத்தட்ட என் உயரம், கூடத்து மேசையின் மேல் ஜம்மென்று படுத்துக் கிடப்பாள். தொலைநோக்கிதான். அதில் கேமராவைப் பொருத்தி மொட்டை மாடியில் நட்சத்திரங்களைப் படம் எடுப்பது என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம். பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு அலுத்துச் சலித்து வருகிற மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளாக அந்தச் சந்தோஷமும் போயிற்று. படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் ஒரு பக்கமாக வால் முளைத்து விழுந்தன. குழாயின் அடியில் ஒரு பெரிய கண்ணாடி, வாய்ப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி. இரண்டும் மயிரிழை பிசகாமல் நேரில் நிற்க வேண்டுமாம். திருகாணி சரியில்லை என்றார், மாற்றினார். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றார், அதையும் மாற்றினார். கடைசியில் பழி என் துடைப்பத்தின் மேல் விழுந்தது.

"ஆமா, எனக்கு வேற வேலை வெட்டி இல்ல பாருங்க, உங்க கண்ணாடியை இடிச்சுட்டுத் திரியறேன்" என்றேன். பகலெல்லாம் தையல் கடையில் காலர் தைத்துவிட்டு வருகிறவள் நான். அதற்கு மேல் சண்டை போட எனக்கும் தெம்பில்லை, அவருக்கும் இல்லை.

நேற்று அவரே சொல்லிவிட்டார். "என்னால முடியலை. உன் தம்பி ரொம்ப நாளா கேக்குறான்ல, நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

நான் ஆசைப்பட்டதுதான். ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை. இதுவும் போய்விட்டால் இந்த மனுஷன் வீட்டுக்கு வந்து சுவரையா பார்த்துக்கொண்டு உட்காருவார்?

இன்று தம்பி வருவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் என்று உட்கார்ந்தார். கேமரா மாட்டும் இடத்தில் ஓர் ஊசித் துளை மூடி. அதில் கண்ணை வைத்தால் உள்ளே வட்டத்துக்குள் வட்டம் தெரியும். பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டிய வளையத்துக்குள், மூடித் துளையின் பிம்பமான கறுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தால் எல்லாம் நேர் என்று கணக்கு. ஒரு கண்ணை மூடி, முதுகு வளைந்து, திருகித் திருகி ஒருவழியாக நிமிர்ந்தார்.

"இப்ப கனகச்சிதம். வந்து பாரேன்."

பார்த்தேன். புள்ளி வளையத்தைத் தாண்டி ஓரமாக நின்றது. "இதுவா கச்சிதம்? இப்படி ஒரு காலர் தைச்சா என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று சொல்லி, எந்தத் திருகு என்று கேட்டு, நானே திருகிப் புள்ளியை நடுவில் கொண்டுவந்து வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அடிப்பாவி, கெடுத்துட்டியே!"

மறுபடி திருகினார். மறுபடி பார்த்தேன். மறுபடி ஓரம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னங்க இது விளையாட்டா?" என்று கேட்க வாயைத் திறந்தவள், அவர் மூஞ்சியைப் பார்த்து அடங்கிப்போனேன். விளையாடுகிற மூஞ்சி இல்லை அது. அவருக்கு அங்கே நிஜமாகவே நேராகத் தெரிகிறது.

அப்படியென்றால் பிசகு இவர் கண்ணில்தான். பேசாமல் விட்டுவிடு என்றது மனசு. தம்பி வருவான், தூக்கிக்கொண்டு போவான், இதுவும் தெரியாமலே போய்விடும். இவர் சம்பளம் இல்லாமல் இந்த வீடு ஓடாது. ஆனால் வாய் கேட்கவில்லை.

"ஏங்க, எப்பவும் வலது கண்ணாலதானே பாக்குறீங்க? இடது கண்ணால பாருங்க."

பார்த்தார். வலதுக்கு மாறினார். திரும்ப இடது. அப்புறம் மூடியை விட்டு நிமிர்ந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வாசல் கதவையே பார்த்தார்.

"கதவு நிலை நெளியுது" என்றார். "நடுவுல வீங்கின மாதிரி இருக்கு."

இத்தனை நாளும் கண்ணாடியைத் தன் கண்ணின் கோணலுக்குத் தோதாகத் திருப்பித் திருப்பி, நல்ல படத்தையெல்லாம் அவரே கெடுத்திருக்கிறார்.

"ரெண்டு கண்ணும் திறந்து வச்சா நல்லாத்தானே தெரியுது?" என்று கேட்டேன். எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"நல்லாத்தான் தெரியுது. அதான் தெரியாமலே ஓட்டியிருக்கேன்." நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "இன்னைக்குக் காலையில பஸ் நிறைய பிள்ளைங்க. சின்னது ஒண்ணு என் பின்னாடி நின்னு பாட்டுப் பாடிக்கிட்டே வந்துச்சு."

டாக்டர்கிட்ட போனா சரியாயிடும், இந்தக் காலத்தில் எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு என்று என்னென்னவோ உளறினேன். அவர் எழுந்து போனைத் தேடினார்.

வாசலில் மணி அடித்தது. தம்பி பெரிய போர்வையும் கயிறுமாக நின்றான். "குழாய் எங்கேக்கா? மாமா மனசு மாறுறதுக்குள்ள தூக்கிடறேன்" என்று சிரித்தான்.

"குழாய்ல ஒரு கோளாறும் இல்லடா, நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

அவன் முழித்துக்கொண்டு நின்றான். உள்ளே அவர் போனில் பேசுவது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"சார், நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுங்க. காய்ச்சல் எல்லாம் இல்ல சார். இல்ல சார், நாளைக்கு மட்டும் இல்ல."