கதவு மூடியிருந்த நேரம்

"லேத்துக் கதவு மூடியிருந்துச்சுன்னு பெட்டி சொல்லுது. மூடின கதவுக்குள்ள கை எப்படிப் போகும்?"

"பெட்டிக்குக் கண்ணு இல்லீங்களே முதலாளி. நான் பக்கத்து லேத்துலதான் நின்னேன்" என்றாள் அம்சவல்லி.

"நின்னே. தூங்கிட்டே நின்னியோ என்னவோ."

அம்சவல்லியின் சட்டைக் கையில் ரெத்தினத்தின் ரத்தம் ஈரமாகவே இருந்தது. இரவெல்லாம் நின்று மரத்துப்போன காலோடு, விடியற்காலை ஐந்தே காலுக்கு, ஓடும் லேத்துக்குள் கைவிட்டு, கடைசலில் சீவி விழுந்த இரும்புச் சுருளை இழுத்தார் ரெத்தினம். மூன்று விரல்கள் போயின. ஆம்புலன்ஸ் தஞ்சாவூருக்குக் கிளம்பி அரை மணிகூட ஆகவில்லை.

மன்னார்குடி சாலையில் பம்பு உதிரி கடையும் பட்டறை. கணினியால் ஓடும் கடைசல் இயந்திரங்கள், பன்னிரண்டு லேத்துகள். எங்கள் அப்பாக்கள் குத்தகைக்கு உழுத வயல் இது. பதிவேட்டில் பெயர் இல்லையென்று அவர்களை வெளியேற்றிய குடும்பத்து வாரிசு பஞ்சநதம்தான் இப்போது முதலாளி.

ஒவ்வொரு லேத்திலும் ஒரு பெட்டி. ஓட்டம், நிறுத்தம், கதவு எல்லாவற்றையும் நொடிக்கு நொடி என் திரைக்கு அனுப்பும். அதைச் சேகரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. கதவு திறந்தால் லேத் நிற்கும்; இரண்டு நிமிடம் திறந்தே இருந்தால் விளக்கு சிவக்கும். சிவந்தவர் பெயர் பலகையில் ஏறும். மூன்று முறை ஏறினால் வேலை போகும். சுருளை அள்ள இரண்டு நிமிடம் யாருக்குப் போதும்? போன மாதம் லேத் ஓட்டுகிறவர்கள் பழைய மைக்செட் ஸ்பீக்கரை உடைத்து, ஆளுக்கொரு காந்தத் துண்டைக் கதவுச் சுவிட்சில் ஒட்டிவிட்டார்கள். கதவு திறந்தபடி லேத் ஓடும். அது மூடியிருப்பதாகப் பெட்டி நம்பும்.

பஞ்சநதம் அம்சவல்லியிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "ரெத்தினத்துக்கு வீட்டுல அடிபட்டுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்ல, அவனோட நீயும் நடையைக் கட்டு."

ஐயாவு தன் லேத்தை நிறுத்தினார். சுவிட்சிலிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

"என் மிஷின்ல இருந்தது."

"ஏன்டா, நீயா வந்து மாட்டிக்கிறியா?"

"ஒரு மாசமா கதவே திறக்கலேன்னுதானே பெட்டி சொல்லுது? அப்ப இத்தனை உதிரியும் எந்த வழியா வெளிய வந்துச்சுங்க முதலாளி? கூரையப் பிச்சுக்கிட்டா?"

யாரோ சிரித்தார்கள். பூவம்மாள் வந்து தன் லேத்தின் காந்தத் துண்டை வைத்தாள். பிறகு குஞ்சிதபாதம். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டக் டக்கென்று ஒட்டின.

"மொத்தப் பேரையும் இன்னிக்கே அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. எல்லாருமாப் போறோம்" என்றாள் அம்சவல்லி.

யாரும் லேத்துக்குத் திரும்பவில்லை. என் திரையில் பன்னிரண்டும் சிவப்பு. இரைச்சல் அடங்கியதும் பின்புற வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்டது. இங்கே வந்த இரண்டு வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

பஞ்சநதம் என் பக்கம் திரும்பினார். "கோவிந்தராசு, கதவு மூடியிருந்த பதிவை எடு. அது போதும் நமக்கு."

ஒரு மாதமாகத் திறக்காத கதவுகளைத் திரையில் நான் தினமும் பார்த்தவன். காரணம் தெரிந்தும் வாய் திறக்காதவன்.

அம்சவல்லி அந்த வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"உனக்குத் தெரிஞ்சத எழுதிக் கையெழுத்துப் போடு தம்பி."